நீச்சல் குளத்தில் நண்பர்கள் கிடைக்க எந்த விளையாட்டு? துரத்திப் பிடிக்கிற ஆட்டமா, பந்தா, முங்கி எடுப்பதா?

கோடை விடுமுறையில் பக்கத்துக் குளத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோர் பலருக்கு ஒரே குழப்பம். தண்ணீர் பிடித்திருக்கிறது, நீந்தவும் ஓரளவு வருகிறது, ஆனால் போன மாதிரியே தனியாகத் திரும்பி வருகிறது. எந்த விளையாட்டில் சேர்த்துவிட்டால் நண்பர்கள் கிடைப்பார்கள்? புது இடத்துக்குக் குடிவந்த பெரியவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு, வாய்விட்டுக் கேட்கத்தான் தயக்கம்.

நான் இரண்டு கோடை முழுக்க குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தவள். நாங்கள் வீடு மாறிய வருஷம் என் மகளுக்கு எட்டு வயது. முதல் நான்கு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, மற்ற பிள்ளைகள் கத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் என் பக்கச்சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக நீந்துகிற, கணீரென்று பேசுகிற பிள்ளைக்கு எந்த ஆட்டமும் ஒத்துவரும். நான் எடைபோடுவது ஓரத்தில் நிற்கிற பிள்ளையை மனதில் வைத்துத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே போய்ச் சேர முடிகிறதா என்பது. "அடுத்த ஆட்டத்துக்கு வா" என்று சொல்லிப் பத்து நிமிஷம் காக்கவைத்தால், கூச்சமுள்ள பிள்ளை அதற்குள் மனசு மாறித் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டுவிடும்.

இரண்டாவது, பேச இடம் கிடைக்கிறதா. கத்துவதும் சிரிப்பதும் தண்ணீரில் தானாக நடந்துவிடும். ஆனால் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாமலே ஒரு வாரம் முழுக்கத் துரத்தி விளையாட முடியும், நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, நீச்சல் குறைவாகத் தெரிந்தவருக்கு அந்த ஆட்டத்தில் என்ன கதி. நான்காவது, தோற்றவர் எங்கே போகிறார். அவுட் ஆனால் வெளியே போய் உட்கார வேண்டிய ஆட்டத்தில் முதலில் வெளியே போவது பெரும்பாலும் யாருக்கு நண்பர்கள் தேவையோ அந்தப் பிள்ளைதான். கடைசியாக, வெளியே தெரியாத செலவுகள். பணத்தைச் சொல்லவில்லை. ஆபத்து, களைப்பு, சண்டை, நீந்த வந்த மற்றவர்களுக்கு இடைஞ்சல், இதெல்லாம் சேர்த்துத்தான்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அது பெரியவர்களையும் கல்லூரி மாணவர்களையும் வைத்து எடுத்த கணக்கு, பிள்ளைகள் அதைவிட வேகமாக ஒட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் தினம் 1 மணி நேரம் என்று வைத்தால் 50 நாள் ஆகிறது பாருங்கள். அதனால் மறுநாளும் அதே நேரத்துக்கு ஓடிவரத் தோன்றவைக்கிற ஆட்டம் எதுவோ அதுதான் நமக்கு வேண்டும். இன்று காலை, நாளை சாயங்காலம், அப்புறம் இரண்டு நாள் இல்லை என்று போனால் தினமும் புது முகங்கள்தான் இருக்கும், எந்த ஆட்டமும் கைகொடுக்காது.

ஒரே பார்வையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு:

| ஆட்டம் | எத்தனை பேர் | நடுவில் சேரலாமா | நீச்சல் எவ்வளவு வேண்டும் | பேச இடம் |
|---|---|---|---|---|
| மார்க்கோ போலோ | 4 பேருக்கு மேல் | எந்த நேரமும் | நிற்க முடிகிற ஆழம் என்றால் போதும் | மிகக் குறைவு |
| சுறாவும் மீனும் | 6 பேருக்கு மேல் | ஒவ்வொரு சுற்றிலும் | நெஞ்சளவு ஆழம் என்றால் நடந்தே கடக்கலாம் | சுமார் |
| பந்து, அணி பிரித்து | 6 பேருக்கு மேல் | கஷ்டம் | ஓரளவு | அணிக்குள் மட்டும் |
| பந்து, எண்ணிக்கை ஆட்டம் | 3 பேர் போதும் | எந்த நேரமும் | தேவையில்லை | நன்றாக |
| முங்கி எடுப்பது | 2 முதல் 4 பேர் | எளிது | தலையை முக்கத் தெரிந்தால் போதும் | மிக அதிகம் |
| ரிலே, நீச்சல் போட்டி | 4 பேருக்கு மேல் | முடியாது | நன்றாக | வரிசையில் நிற்கும்போது |

## மார்க்கோ போலோ

ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு "மார்க்கோ" என்று கூப்பிட வேண்டும், மற்ற எல்லோரும் "போலோ" என்று குரல் கொடுக்க வேண்டும், குரலை வைத்தே துரத்திப் பிடிக்க வேண்டும். வெனிஸ் நகரத்துப் பயணி ஒருவரின் பெயர், தண்ணீருக்குள் நடக்கும் கண்ணாமூச்சிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

இதன் பெரிய பலம், புதுப் பிள்ளையின் வாயைத் திறக்க வைத்துவிடும். "நானும் வரட்டுமா" என்று கேட்க முடியாத பிள்ளைகூட, ஓரத்தில் நின்றபடியே எல்லோரோடும் சேர்ந்து "போலோ" என்று கத்திவிடும், கத்திய அந்த நொடியே ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. யாரும் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை. பிடிபட்டவர்தான் அடுத்துப் பிடிக்க வேண்டும் என்பதால் யாரும் வெளியே உட்காருவதும் இல்லை.

குறை என்னவென்றால், ஒரு மணி நேரம் விளையாடினாலும் அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு பேச்சு இருக்காது. இதற்கு ஒரு சின்ன மாற்றம் போதும். பிடித்தவர் கண்ணைத் திறக்காமல், பிடிபட்டது யார் என்று பெயர் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் விட்டுவிட வேண்டும். இந்த விதி வந்ததுமே ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் எல்லோர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். எங்கள் குளத்தில் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன்தான் இதைக் கொண்டுவந்தான், அன்றைக்கே என் மகளின் பெயர் ஏழு பேருக்குத் தெரிந்துவிட்டது.

மறைந்திருக்கும் செலவு சுவரில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பாய்கிற பிள்ளை நேராகப் போய்ச் சுவரில் முகத்தை இடித்துக்கொள்ளும். பிடிக்கிறவர் ஒரு கையை எப்போதும் முன்னால் நீட்டியிருக்க வேண்டும் என்பதைக் கட்டாய விதியாக வையுங்கள். தப்பிக்கக் குளத்தைவிட்டு வெளியே ஏறி ஓடலாம் என்று சிலர் விளையாடுவார்கள், அதை முளையிலேயே நிறுத்துங்கள். ஈரத் தரையில் ஓடி வழுக்கி விழுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

## சுறாவும் மீனும்

நடுவில் ஒரு சுறா. மற்றவர்கள் எல்லோரும் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் பிடிபடாமல் கடக்க வேண்டும். தொடப்பட்டவர் சுறாவாகிவிடுவார், சுறாக்கள் பெருகிக்கொண்டே போகும், கடைசியில் மிஞ்சும் மீன் அடுத்த ஆட்டத்தின் சுறா.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தோற்றவரை இந்த ஆட்டம் நடத்துகிற விதம். முதலில் பிடிபடுகிற பிள்ளை வெளியே போவதில்லை, சுறாக் கூட்டத்தில் சேர்கிறது. "நீ அந்தப் பக்கம் மறி, நான் இந்தப் பக்கம்" என்று இரண்டாவது சுற்றிலேயே திட்டம் போட ஒரு ஆள் கிடைத்துவிடுகிறது. மெதுவாக நீந்துகிற பிள்ளை எப்போதும் முதலில் பிடிபடும், அது உண்மைதான். ஆனால் அந்த வெட்கம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்து, வேலை கொடுக்கப்பட்டவராக மாறிவிடுகிறது.

ஆனால் கூட்டம் வேண்டும், ஆறு பேருக்குக் கீழே என்றால் சுவாரசியமே இல்லை. குளத்தின் அகலம் முழுக்கத் தேவைப்படுவதால், பயிற்சிக்காக நீந்துகிறவர்கள் இருக்கும் நேரத்தில் முறைப்புதான் கிடைக்கும். தண்ணீருக்கு அடியில் காலைப் பிடித்து இழுக்கும் பிள்ளை எல்லாக் கூட்டத்திலும் ஒன்று இருக்கும். தோளுக்குக் கீழே தொட்டால் செல்லாது, பிடித்து இழுக்கவே கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பளவு, நெஞ்சளவு ஆழத்தில் விளையாடினால் நடந்தும் கடக்கலாம், நீந்தத் தெரியாதவர்களும் சேரலாம். ஆழமான பக்கத்தில் இந்த ஆட்டம் வேண்டவே வேண்டாம்.

## பந்து

பந்து ஒன்றுதான், ஆட்டம் இரண்டு. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம்.

அணி பிரித்து ஆடினால் உற்சாகம் அதிகம், பதின்வயதுப் பிள்ளைகளை இழுக்க இதுதான் வழி. ஆனால் அணி பிரிக்கிற அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு தலைவர்கள் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட, கடைசியில் ஒரு பிள்ளை மிஞ்சி நிற்கும், "சரி, நீ அவங்களோட போ" என்று தள்ளிவிடுவார்கள். நட்பு தேடி வந்த பிள்ளைக்கு அதைவிடக் கசப்பான இரண்டு நிமிஷம் இல்லை. பிறந்த மாதம், வந்து சேர்ந்த வரிசை, நீச்சலுடையின் நிறம், எதையாவது வைத்துப் பிரியுங்கள், ஆளைத் தேர்ந்தெடுக்க மட்டும் விடாதீர்கள்.

அணி ஒன்றாகவே தொடர்ந்தால் இன்னொரு சிக்கலும் வரும். 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர், ஏறக்குறைய 11 வயதுள்ள 22 சிறுவர்களைக் கோடை முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு அணியாகப் பிரித்தார். போட்டி விளையாட்டுகள் தொடங்கியதும் திட்டிக்கொள்வது, கொடியை எரிப்பது, அடுத்த அணியின் அறைக்குள் புகுந்து கலைத்துப்போடுவது என்று வளர்ந்தது. சேர்ந்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டும் தணியவில்லை. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோய், இரண்டு அணியும் சேர்ந்துதான் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மாதிரியான பொது வேலைகள் வந்த பிறகுதான் பகை குறைந்தது. குளத்தில் அந்த அளவுக்கெல்லாம் போகாதுதான். ஆனால் "நாங்க, அவங்க" என்பது ஒரே வாரத்தில் உருவாகிவிடும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அணியைக் கலைத்துப் போட்டால் உருவாகாது.

இரண்டாவது வகை, எண்ணிக்கை ஆட்டம். வட்டமாக நின்று பந்தைத் தண்ணீரில் விழவிடாமல் தட்டிக்கொண்டே எண்ணுவது, அவ்வளவுதான். நேற்று 34 வரை வந்தது, இன்று 40 தாண்ட வேண்டும். தோற்கடிக்க ஆள் இல்லாததால் எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்களாகிவிடுகிறார்கள், தடுமாறுகிற பிள்ளைக்கு மெதுவாகத் தட்டிக் கொடுக்கிறார்கள், நேற்றைய எண் ஒன்று இருப்பதாலேயே மறுநாள் வரக் காரணம் கிடைத்துவிடுகிறது. எட்டு வயதுப் பெண்ணும் ஐம்பது வயதுக்காரரும் ஒரே வட்டத்தில் நிற்கலாம். வேறு எந்த ஆட்டத்திலும் அது நடந்து நான் பார்த்ததில்லை.

வெளியே தெரியாத செலவு, பந்தின் சொந்தக்காரர். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பினால் ஆட்டம் முடிந்தது, அதனால் எல்லோரும் அவருக்கு விட்டுக்கொடுத்தே ஆட வேண்டியிருக்கும். உங்கள் பிள்ளையின் கையில் ஒரு லேசான பந்தைக் கொடுத்தனுப்பலாம், அது உள்ளே போக நல்ல சாக்குதான். ஆனால் அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது "நாளைக்குக் கொண்டுவந்து கொடு" என்று இன்னொருவரிடம் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், பந்து பொதுவாகிவிடும்.

## முங்கி எடுப்பது

மூழ்கக்கூடிய வளையம், குச்சி மாதிரி எதையாவது போட்டு, முங்கிப் போய் எடுத்துவருவது. சத்தமே இல்லாத ஆட்டம் என்பதால் பலர் இதை ஒரு விளையாட்டாகவே எண்ணுவதில்லை. என்னைக் கேட்டால், நட்புக்கு இதுதான் முதலிடம்.

காரணம் எளிது. ஒருவர் அடியில் இருக்கும்போது மற்றவர்கள் மேலே சும்மா நிற்கிறார்கள். அந்தச் சும்மா நிற்கிற நேரத்தில்தான் "உன் கண்ணாடியைத் தர்றியா", "எந்த வகுப்பு", "நாளைக்கு வருவியா" எல்லாம் வருகிறது. மற்ற ஆட்டங்களில் பேச்சு ஆட்டத்தைக் கெடுக்கும், இதில் பேச்சுதான் பாதி ஆட்டம்.

என் மகள் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது நாள் நான் பொறுமையிழந்து, கரையிலிருந்தே "இவளையும் சேர்த்துக்கோங்கம்மா" என்று அங்கே இருந்த பிள்ளைகளிடம் சொன்னேன். மரியாதைக்காகச் சேர்த்துக்கொண்டார்கள், பத்து நிமிஷத்தில் அவள் மறுபடி படிக்கட்டில் இருந்தாள். ஐந்தாவது நாள் இரண்டு பெண்கள் நீல வளையம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அது நழுவிப் படிக்கட்டின் கடைசிப் படியில் வந்து கிடந்தது. இவள் குனியவில்லை. கால்விரலால் வளையத்தைக் கவ்வி, முழங்காலை மடக்கி மெதுவாக மேலே தூக்கி, தண்ணீருக்கு வெளியே நீட்டினாள். "காலாலயே எடுத்தியா!" என்று ஒருத்தி வாய்பிளந்தாள். அப்புறம் அரை மணி நேரம் மூன்று பேரும் காலால் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

நான் கரையிலிருந்து செய்தது ஏன் பலிக்கவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. மார்த்தா புடல்லாஸ், ஜான் காட்மன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு, விளையாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்குள் பிள்ளைகள் எப்படி நுழைகிறார்கள் என்பதைப் பார்த்தது. கேள்வி கேட்டு, தன்னைப் பற்றிச் சொல்லி, ஆட்டத்தின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பிய பிள்ளைகள் அதிகம் புறக்கணிக்கப்பட்டார்கள். கூட்டம் என்ன செய்கிறது என்று பார்த்து அதோடு ஒத்துப்போன பிள்ளைகள் எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். படிக்கட்டில் நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தது வீண் போகவில்லை. அது பாதி வேலை, நான்தான் அவசரப்பட்டேன்.

செலவு என்ன? நீருக்கடியில் 2, 3 மீட்டர் போனாலே காது வலிக்கும், வலித்தால் உடனே மேலே வந்துவிடச் சொல்லுங்கள். குளத்தின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளைகள் பக்கம் போகக்கூடாது, நீளமான முடியைக் கட்டியிருக்க வேண்டும். ஒருவர் முங்கினால் ஒருவர் மேலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், "யார் அதிக நேரம் உள்ளே இருக்கிறது" என்று ஆட்டம் திசைமாறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

## ரிலே, நீச்சல் போட்டி

ஏற்கெனவே ஓரளவு சமமாக நீந்துகிறவர்கள் நான்கைந்து பேர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வேண்டாம். தனிப்போட்டியைவிட ரிலே மேல், வரிசையில் நிற்கும்போது பேசலாம், பெயர் சொல்லிக் கத்தி உற்சாகப்படுத்துவதால் பெயரும் பதிந்துவிடும். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் நாள் ஆட்டமாக இதைத் தராதீர்கள்.

## தேர்வில் வைக்கவே கூடாதவை

தம் கட்டும் போட்டி. வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது அந்த வாயுதான், அதனால் தவிப்பே வராமல் ஆக்ஸிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நேரும், பார்க்கிறவருக்கு அவர் இன்னும் தம் பிடித்திருப்பது போலவே தெரியும். தோளில் ஏறி ஒருவரை ஒருவர் தள்ளுகிற ஆட்டமும் வேண்டாம், ஆழம் குறைந்த இடத்தில் தலைகீழாக விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து.

உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2021-இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர், அதில் கிட்டத்தட்ட கால்வாசி 5 வயதுக்குக் கீழே. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையாட்டிக் கூப்பிடுவதும் இல்லை, சத்தமில்லாமல் போய்விடுகிறார். அதனால் உயிர்காப்பாளர் இருந்தாலும், பெற்றோரில் ஒருவர் முறைபோட்டுக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்க்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை "இனி நான் பார்க்கிறேன்" என்று மாற்றிக்கொண்டதில்தான் எனக்கே அங்கே இரண்டு சிநேகிதிகள் கிடைத்தார்கள்.

## யாருக்கு எது

கூட்டம் இருக்கிறது, பிள்ளை வாயே திறக்காது: மார்க்கோ போலோ, பெயர் சொல்லும் விதியோடு. இரண்டு மூன்று நாள் போனதும் முங்கி எடுப்பதற்கு மாறட்டும்.

கூட்டம் இருக்கிறது, பிள்ளை துறுதுறுவென்று இருக்கும், நீச்சல் மட்டும் சுமார்: சுறாவும் மீனும், நெஞ்சளவு ஆழத்துக்குள்.

குளத்தில் இரண்டு மூன்று பேர்தான் வருகிறார்கள்: யோசிக்கவே வேண்டாம், முங்கி எடுப்பதுதான். தலையை முக்கப் பயந்தால் எண்ணிக்கை ஆட்டம்.

பதின்வயது: அணி பிரித்துப் பந்து, கலைத்துக் கலைத்துப் போட்டு. அந்த வயதில் "எண்ணலாமா" என்று கேட்டால் சின்னப் பிள்ளை ஆட்டம் என்பார்கள், பந்து அடங்கிக் களைத்த நேரத்தில் அவர்களே எண்ண ஆரம்பிப்பார்கள்.

பெரியவர்கள்: எண்ணிக்கை ஆட்டம், தினமும் ஒரே நேரம். பெரியவர்கள் விளையாடத் தயங்குவது யார் முதலில் ஆரம்பிப்பது என்பதில்தான், பந்தை ஒருவர் பக்கம் தட்டிவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் திரும்பி வரும்.

எந்த ஆட்டமானாலும் இடைவேளை கொடுங்கள். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். வெயில் கொளுத்தினாலும் பிள்ளைக்கு நடுக்கம் வரும், நடுங்குகிற பிள்ளைக்கு எரிச்சல் வரும், சண்டை பெரும்பாலும் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. உதடு நீலம் பாரிப்பதற்கு முன்னாலேயே வெளியே கூப்பிட்டு, துண்டைப் போர்த்தி, மற்ற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற பக்கமாகவே உட்காரவைத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போய்விடுங்கள்.